புங்கமரக் கிளைக்கு மேலே போன பந்து

போன மாதம் ஒரு நாள் விராலிமலையில் அலுவலகம் முடிந்து புதுக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்னவாசலில் பஸ் நின்றதும் ஒரு பெண்கள் பள்ளிக்கூட அணி ஏறியது. எல்லோரும் ஒரே மாதிரி அரக்கு நிறப் பனியன், கையில் தண்ணீர் பாட்டில், ஒருத்தி தோளில் வலைப்பை நிறைய பந்துகள். ஜெயித்துவிட்டு வருகிறார்களா, தோற்றுவிட்டு வருகிறார்களா என்று நான் பார்த்ததும் சொல்லிவிடுவேன். தோற்றவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். ஜெயித்தவர்கள் சீட்டுக்குச் சண்டை போடுவார்கள். இவர்கள் போட்ட சண்டையில் கண்டக்டரே இரண்டு முறை விசில் ஊதிவிட்டார்.

வலைப்பையின் வாயைச் சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது. பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது ஒரு வாலிபால் உருண்டு வந்து என் காலில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தேன். எடுத்ததோடு விட்டிருக்கலாம். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், மடியில் டிபன் பாக்ஸ் பையோடு, பஸ்ஸில் ஒரு பந்தை முகர்ந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாசனை மாறவே இல்லை. ரப்பர், வியர்வை, செம்மண், யார் தலையிலிருந்தோ கைக்கு வந்து கையிலிருந்து பந்துக்குப் போன தேங்காய் எண்ணெய். நான் கவனிப்பதற்குள் என் பத்து விரலும் விரிந்து பந்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தன. எதிரில் வந்து நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி ஆடுவீங்களா?"

"ஆடுனேம்மா, முன்னாடி."

"என்ன பொசிசன்?"

"லிப்ட் போடுவேன்."

"ஓ, செட்டரா!" என்றாள். பந்தை வாங்கிக்கொண்டு போய்த் தோழியின் போனில் எதையோ பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அந்த வயதில் ஆன்ட்டிகளிடம் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். கணவர் கத்தாரில் இருக்கிறார். மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். நான் பூட்டிவிட்டுப் போன வீட்டை நானே திறப்பது பழகிவிட்டது. ஆனால் அன்றைக்குக் கதவைத் திறந்தபோது உள்ளே யாராவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. யாராவது என்றால், வாலிபால் தெரிந்த யாராவது. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காபி ஆறிப்போகும் வரை தவமணியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் கறம்பக்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஓர் ஊரில், தைலமரக் காட்டுக்கும் முந்திரிக் கொல்லைக்கும் நடுவே இருந்தது. அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாவதோடு சரி. பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்தோம். சேர்ந்து என்றால் ஒரே கூரைக்குக் கீழே, அவ்வளவுதான். பேசினால் ஊர் பேசும்.

ஆறாம் வகுப்பில் நான்தான் குட்டை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் மேசைக்கு மேலே என் கண் மட்டும் தெரியும். தவமணி கடைசி பெஞ்சு. அந்த வயதிலேயே டீச்சர்களின் தோளைத் தொட்டுவிட்டாள். முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் சாதாரணமாகச் சிநேகம் உண்டாகாது. எங்களைச் சேர்த்து வைத்தது பி.டி. சாருடைய சோம்பேறித்தனம். விளையாட்டுப் பீரியடில் உயரப்படி வரிசையாக நிற்க வைப்பார். நான் முதல் ஆள், அவள் கடைசி ஆள். பிறகு அந்த வரிசையை அப்படியே வட்டமாக்குவார். வட்டமானால் முதல் ஆளும் கடைசி ஆளும் பக்கத்தில் வந்துதானே ஆக வேண்டும்? வாரத்துக்கு இரண்டு பீரியட் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையை வீசினோம். அவள் வீசிய கை ஒரு நாள் என் மண்டையில் பட்டது. "ஏ குள்ளி, கீழ நீ நின்னது தெரியலடி" என்றாள். அதிலிருந்து நான் குள்ளி. அவளைத் தவிர வேறு யார் அப்படிக் கூப்பிட்டிருந்தாலும் கடித்து வைத்திருப்பேன்.

பி.டி. சாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவருக்கு வாலிபால் தெரியாது. அவர் கபடிக்காரர். கறம்பக்குடிக்குப் போய்ப் பாடப் புத்தகக் கட்டு எடுத்து வருவது, மேலதிகாரி வந்தால் இளநீர் வெட்டச் சொல்வது, வராத வாத்தியார்களின் வகுப்பில் போய் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம்தான் அவருடைய முழுநேர வேலை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அது சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். பெண்கள் அணி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று எங்கிருந்தோ உத்தரவு வந்த வருடம், அவர் எங்களைக் கூப்பிட்டு, "எனக்கும் இது புதுசுதான். நீங்களும் கத்துக்கங்க, நானும் கத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு உண்மையான வாத்தியாரை நான் பிறகு பார்க்கவில்லை.

கோர்ட்டுக்கு இடம் தேடினோம். மைதானத்தில் நல்ல பகுதியைப் பையன்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்கள். மிச்சம் கிடைத்தது சுவருக்கும் புங்கமரத்துக்கும் நடுவே ஒரு துண்டு. சுவர் ஓரமாக ஓர் இரும்புக் கம்பம் நட்டு, வலையின் இன்னொரு முனையை மரத்திலேயே கட்டினார்கள். கோடு போட சுண்ணாம்பு கேட்டால் தலைமையாசிரியர் அடுத்த மாதம் என்பார். அதனால் நாங்களே வீட்டிலிருந்து கோலப்பொடி கொண்டு வந்து கோடு இழுத்தோம். கோலப்பொடி கையில் இருந்தால் பெண்பிள்ளைகளின் விரல் சும்மா இருக்குமா? நாலு மூலையிலும் ஆளுக்கொரு சுழி சுழித்து வைத்தோம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் எங்களோடு ஆட வந்தபோது அவர்களுடைய சார் குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க சார், கோர்ட்டா, பொங்க வாசலா?" என்று கேட்டார். எங்கள் சார் அசரவில்லை. "லைன்ல பட்டா உள்ள, சுழியில பட்டா வெளிய" என்று சட்டம் போட்டார்.

பனியனும் பையன்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரே செட்தான். ஒரே நாளில் இரண்டு அணிக்கும் ஆட்டம் இருந்தால் அவர்கள் காலையில் ஆடிவிட்டுக் கழற்றிக் கொடுப்பார்கள், நாங்கள் மத்தியானம் மாட்டிக்கொள்வோம். அதைப் போட்டுக்கொண்டு ஆடிய எங்களுக்கு அரசாங்கம் தனியாக ஒரு மெடல் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அது முட்டி வரை தொங்கும். தவமணிக்கு இடுப்பிலேயே நின்றுவிடும். அவள் அதைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே ஆடுவாள்.

என் அம்மாவுக்கு நான் ஆடுவது பிடிக்கவில்லை. "வயசுக்கு வந்த புள்ள இப்புடி எகிறிக் குதிச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அப்பாவிடம் முறையிட்டாள். அப்பா கடலை உரித்துக்கொண்டே சொன்னார்: "எகிறிக் குதிக்கிறது அந்தத் தவமணிப் புள்ள. நம்ம புள்ள தரையிலதான நிக்கிது." அது உண்மைதான். என் வேலை தரையில் நிற்பது. பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, வலையோரமாக மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். தவமணி ஓடி வந்து எகிறி அடிப்பாள். பாயின்ட் வந்தால் ஊர் அவளைப் பார்த்துக் கை தட்டும். நான் அடுத்த பந்துக்கு விரலை விரித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அதில் குறையே இருந்ததில்லை. அவள் தரையிறங்கியதும் கூட்டத்தைப் பார்க்க மாட்டாள். என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாள்.

இனி அந்தப் புங்கமரத்தைச் சொல்ல வேண்டும். அதன் ஒரு பெரிய கிளை கோர்ட்டுக்குள் நீண்டு, தவமணி அடிக்கிற இடது மூலைக்கும் நான் நிற்கிற இடத்துக்கும் நடுவில் குறுக்கே நின்றது. சாதாரணமாகப் போடும் லிப்ட் எல்லாம் அதில் மோதிக் கீழே விழும். வலது பக்கம் போடலாம் என்றால் எகிறி அடித்த கையோடு சுவரில் போய்ச் சாய வேண்டும். கிளையை வெட்டித்தாருங்கள் என்று கேட்டோம். தலைமையாசிரியர், "மத்தியானம் அதுக்குக் கீழதானம்மா புள்ளைங்க உக்காந்து சாப்புடுதுக" என்றார். ஆகவே நான் பந்தைக் கிளைக்கு மேலே தூக்கிப் போடப் பழகினேன். பந்து நேரே மேலே போய், இலைகளுக்குள் நுழைந்து, கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். நடுவில் கொஞ்ச நேரம் அது யார் கண்ணுக்கும் தெரியாது. தவமணி அசையாமல் நிற்பாள். இலை சலசலத்து அடங்கியதும் அவள் கால் கிளம்பும். பந்து வெளியே வரும் இடத்தில் அவள் கை இருக்கும். ஒரு வருடம் காலையும் மாலையும் இதையே செய்தோம். வேறு விதமாக வாலிபால் ஆட முடியும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அது எங்கே தெரிந்தது என்றால் புதுக்கோட்டையில். மாவட்ட அளவிலான ஆட்டத்துக்கு முதன்முறையாகப் போனோம். பெரிய மைதானம், நேரான இரண்டு கம்பம், தலைக்கு மேலே வெறும் வானம். நான் பழக்க தோஷத்தில் இல்லாத கிளைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டேன். தவமணியும் இல்லாத இலை அடங்கும் வரை காத்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "யாருக்குடி பார்சல் அனுப்புற, சாமிக்கா?" என்று ஒருத்தி கத்தினாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் எதிர் அணியில் தடுக்க எகிறிய இரண்டு பெண்களும் எகிறி, கையை நீட்டி, தரையிறங்கியும்விட்டார்கள். பந்து அப்போதுதான் சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. தவமணி எகிறினாள். எதிரே யாரும் இல்லை. அடித்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அன்றைக்கு அதே தப்பைச் செய்து செய்தே அரையிறுதி வரை போய்விட்டோம். அரையிறுதியில் ஒரு கான்வென்ட் பள்ளி, எகிறாமல் நின்று பார்த்து, எங்கள் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டது. தோற்றுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பரோட்டா சாப்பிட்டோம். பி.டி. சார், "அடுத்த வருசம் மரத்தையும் பேத்து எடுத்துட்டு வருவோம்" என்றார். தவமணி என் இலையிலிருந்து பாதிப் பரோட்டாவை எடுத்துத் தின்றாள். அவள் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும். லீவு நாளில் தன் ஆத்தாவோடு சேர்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். கொட்டையின் பால் பட்டால் கை வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அப்பா கிடையாது. ஆத்தாவும் அவளும்தான்.

நாங்கள் ஒன்பதாவது முடிக்கப் போகும் சமயத்தில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சார் வந்து சொன்னார். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் இருவரையும் அழைத்துப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குப் படிப்பு ஓடவில்லை. வேறு ஊரில், பெரிய மைதானத்தில், நானும் அவளும். மனசுக்குள் பெட்டியே கட்டிவிட்டேன். தேர்வுக்குப் பஸ்ஸில் போகும்போது தவமணி சொன்னாள்: "போனா ரெண்டு பேரும் போவோம். இல்லாட்டி ரெண்டு பேரும் இங்கயே கெடப்போம். நீயும் முந்திரி ஒடைக்கக் கத்துக்க."

தேர்வு புதுக்கோட்டையில் அதே மைதானத்தில் நடந்தது. நீலப் பேன்ட் போட்ட ஒரு கோச் வந்திருந்தார். வெளியூர்க்காரர். கோபக்காரர் இல்லை. ஆனால் நேரம் இல்லாதவர். எல்லோரையும் கலந்து இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டார். எங்களை ஒரே பக்கம் போட்டார். நான் முதல் லிப்டை வழக்கம்போல மேலே தூக்கினேன்.

"ஏம்மா சின்னப் பொண்ணு, என்ன லிப்ட் இது? கீழ போடு. வேகமாப் போடு."

போட்டேன். என் கைக்கு அது சுலபமாகத்தான் வந்தது. பந்து தாழ்வாக, வலையை ஒட்டிப் பறந்தது. கோச், "ம், இதுதான்" என்றார். ஆனால் தவமணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததை அவசரமாக ஓடி வந்து வலையில் அடித்தாள். கோச் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறொரு உயரமான பெண்ணைப் பார்க்க ஆரம்பித்தார். தவமணி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஆத்தாவின் கையை விட்டுவிட்ட குழந்தை போல நின்றாள்.

அப்போது எனக்கு ஒன்று நன்றாகத் தெரிந்தது. இப்படியே தாழ்வாகப் போட்டுக்கொண்டிருந்தால் கோச்சுக்கு என்னைப் பிடிக்கும், அவளைப் பிடிக்காது. மேலே போட்டால் அவள் தெரிவாள், நான் தெரிய மாட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து தெரிய வழி இல்லை. அடுத்த பந்து என் கைக்கு வந்தது. மேலே தூக்கினேன். தியாகம், அது இது என்று நீங்கள் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் அப்படி முழிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். பந்து போய்க்கொண்டே இருந்தது. தவமணியின் தோள் இறங்கி நிதானமாயிற்று. காத்திருந்து, ஓடி வந்து, எகிறினாள். அடி எதிர்க் கோட்டில் போய் விழுந்தது. கோச் திரும்பினார். நான் அதற்குப் பிறகு ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை. அவர் இரண்டு முறை அதட்டினார், பிறகு அதட்டுவதை விட்டுவிட்டார்.

மத்தியானம் பெயர்களைக் கூப்பிட்டார்கள். தவமணி பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. பி.டி. சார் கோச்சிடம் போய் ஏதோ கெஞ்சினார். "ஒசரம் பத்தாது சார். சொன்னாலும் கேக்கல அந்தப் பொண்ணு" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

தவமணி போக மாட்டேன் என்றாள். பஸ்ஸில் ஊர் வரும் வரை அதையே சொன்னாள். அவளுடைய ஆத்தா அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையும் கறுப்புதான். "நீ சொன்னாத்தான்ம்மா அவ கேப்பா. அங்க மூணு வேளையும் சோறு போட்டுப் படிக்கவும் வெப்பாங்களாம்ல? எம்பொழப்பு அவளுக்கும் வேணாம்த்தா." மறுநாள் புங்கமரத்தடியில் அவளிடம், "போடி. லீவுக்கு வருவல்ல?" என்றேன். "நெசமாத்தான் சொல்றியா?" என்று கேட்டாள். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அவள் போன பிறகு பள்ளிக்கூடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான், என்னோடு யாரும் பேசாமல் இல்லை. இருந்தாலும் பகல் முழுவதும் பேசிவிட்டு வந்து ஒன்றுமே பேசாத மாதிரி இருக்கும். பத்தாவதில் அமுதா என்ற பெண் தவமணி இடத்தில் ஆடினாள். கெட்டிக்காரி. ஆனால் அவளுக்குக் காத்திருக்க வராது. பந்து இலைக்குள் போகும்போதே ஓடி வந்து வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "எங்கடி போடுற நீயி, எனக்குத் தெரியவே மாட்டேங்குது" என்பாள். தெரியாதுதான். தவமணிக்கும் தெரியாது. தெரியாமலேதான் அடித்தாள் என்பதை அமுதாவுக்கு நான் எப்படி விளக்குவேன்? அந்த வருடம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினோம்.

சில சாயங்காலங்களில் எல்லோரும் போன பிறகு நான் மட்டும் பந்தை எடுத்துக்கொண்டு நிற்பேன். கிளைக்கு மேலே போடுவேன். இலை சலசலக்கும், அடங்கும். பந்து அந்தப் பக்கம் இறங்கி மண்ணில் விழும். அடிக்க ஆள் இல்லாத பந்து தரையில் விழுந்து தானாகவே இரண்டு மூன்று தடவை துள்ளி அடங்கும். போய் எடுத்து வந்து மறுபடியும் போடுவேன். ஒரு நாள் பி.டி. சார் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் ஏறி மிதித்துப் போனார்.

ஆரம்பத்தில் தவமணி ஊர் மளிகைக் கடை போனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். ஆள் அனுப்புவார்கள், நான் ஓடுவேன். மூச்சு வாங்குவதற்குள் அவளுடைய காசு முடிந்துவிடும். "இங்க லிப்ட்டெல்லாம் தரையோட தரையா வருதுடி. குனிஞ்சுகிட்டே அடிக்கச் சொல்றாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். எனக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம். பிறகு அழைப்புகள் குறைந்தன. லீவில் முகாம் என்றார்கள். சென்னையில் வேலை கிடைத்ததும் அவளுடைய ஆத்தாவையும் அங்கேயே அழைத்துக்கொண்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். நான் கறம்பக்குடியில் பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங் படித்து, தேர்வு எழுதி, வேலைக்கு வந்து, கல்யாணம் ஆகி, பெண்கள் உட்கார்ந்து பேசும் இடங்களில் வாலிபாலைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தினார்கள். விழாவுக்குத் தவமணிதான் சிறப்பு விருந்தினர். சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல வேலை. பல வருடம் மாநில அணிக்கு ஆடியவள். வாட்ஸாப்பில் அழைப்பு வந்தது. பட்டுப்புடவை கட்டலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன், அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கட்டிக்கொண்டே போனேன்.

புங்கமரம் இல்லை. அந்த இடத்தில் சிமென்ட் போட்டு, பெயின்ட்டில் கோடு இழுத்து, இரண்டு பக்கமும் கம்பம் நட்டிருந்தார்கள். பி.டி. சார் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. தவமணி மேடையில் அவரைப் பற்றிப் பேசினாள், தன் ஆத்தாவைப் பற்றிப் பேசினாள், பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் என்னைக் கண்டுபிடித்து, "அந்தா உக்காந்திருக்கா பாருங்க, அவதான் எனக்கு லிப்ட் போட்டவ" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் அவளை ஒரு அடி அடித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏ குள்ளி, வாடி" என்றாள். அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை பந்தைத் தூக்கிப் போட்டது. என் விரல் எதையும் மறக்கவில்லை. பந்து நேரே மேலே போயிற்று, அதே உயரம், அதே வளைவு. நான் அவளைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ஓடி வந்துவிட்டாள். எகிறி, வெறும் காற்றில் கையை வீசி, இறங்கி நின்றாள். பந்து அதற்குப் பிறகு மெதுவாக வந்து அவள் முன்னால் சிமென்ட்டில் விழுந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "ஒரு வருசம் ஆச்சுடி எனக்கு, ஒம் பந்த மறக்க. அந்த ஹாஸ்டல் கோச்சு என்னய அழ வெச்சு அழ வெச்சு மறக்கடிச்சாரு. இப்ப எங்கிட்டுருந்து வரும்?" என்றாள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. பழைய கஷ்டத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இன்னொண்ணு போடுடி" என்றாள்.

இந்தத் தடவை தாழ்வாக, வேகமாக, வலையை ஒட்டிப் போட்டேன். அந்த வயதிலும் எப்படி அடித்தாள் தெரியுமா! மைதானமே கை தட்டியது. தரையிறங்கியதும் அவள் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மரம் போனதற்கு ஊரில் வருத்தப்பட ஆள் உண்டு. அதற்குக் கீழே சோறு தின்ற எல்லோரும் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கிளைக்கு மேலே போன பந்தைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்திலேயே இரண்டு பேர்தான். அதில் ஒருத்தியை அழ வைத்து மறக்கடித்துவிட்டார்கள். எனக்கு அப்படிச் செய்ய யாரும் வரவில்லை.